ஊரணிக் கரையில் வருகைப்பதிவு

சிவகங்கைப் பக்கம் ஒரு கிராமத்து ஊரணி. நாட்டு நலப்பணித் திட்ட முகாமின் மூன்றாம் நாள். இரண்டு வேம்புகளுக்கு நடுவே பேனர். அதில் எட்டு ஆரம் கொண்ட கோனார்க் சக்கரம். நாளின் இருபத்து நாலு மணி நேரமும் தொண்டுக்கு ஆயத்தம் என்பது அதன் பொருள். திட்ட அலுவலர் பெயர் வாசிக்கிறார். "உள்ளேன் ஐயா" ஒவ்வொன்றும் ஒரு சுருதியில் வருகிறது. நான் கரைத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறேன். யாரும் என்னைக் கேட்கவில்லை, நானும் பேசவில்லை.

வேலை சீமைக் கருவேலம் வெட்டுவது. நகரத்துப் பிள்ளைகள் அரிவாளின் எந்தப் பக்கம் பிடிப்பது என்று ஒருவரையொருவர் பார்க்கிறார்கள். நீலச் சட்டைக்காரன் ஒருவன் மட்டும் குனிந்து, முள்கிளையைக் காலால் அழுத்தி, ஒரே வெட்டில் சாய்க்கிறான். பழகிய கை.

எதிர்க்கரையில் நூறு நாள் வேலைக்கு வந்த பெண்கள் மோர் குடித்தபடி பார்க்கிறார்கள். "அடியோட வெட்டிட்டுப் போனா ஒரு மழைக்குத் துளுத்துரும். தூரைத் தோண்டணும் தம்பி" என்கிறாள் ஒருத்தி. இதே வேலைக்கு அவளுக்குக் கூலி உண்டு, பையனுக்கு வருகைப்பதிவு.

மாணவரின் தொண்டு கட்டாயமா, விருப்பமா என்ற பேச்சு பழையது. 1959இல் சி.டி. தேஷ்முக் தலைமையிலான குழு, மாணவருக்குத் தேசத் தொண்டு கட்டாயம் என்றது. பல நாடுகளின் நடைமுறையை ஆராய்ந்த கே.ஜி. சையிதைன், விருப்பத்தின் பேரில் இருக்கட்டும் என்றார். 1969இல், காந்தி நூற்றாண்டில், 37 பல்கலைக்கழகங்களில் 40,000 பேரோடு திட்டம் தொடங்கியபோது அவர் சொன்னதுதான் நின்றது. இன்றோ நம் கலைக் கல்லூரிகள் பலவற்றில் பாடத்திட்டத்தின் பகுதி ஐந்தான விரிவாக்கப் பணியை முடிக்காமல் பட்டம் இல்லை. இரண்டு ஆண்டில் 240 மணி நேரம், ஏழு நாள் முகாம் என்று கணக்கு ஓடுகிறது.

மதியச் சோற்றுக்குப் பிறகு நீலச் சட்டைக்காரன் போனோடு என் திண்ணை ஓரம் ஒதுங்குகிறான். "அண்ணே, இன்னும் நாலு நாளு... இல்லண்ணே, கல்யாண ஆர்டர்னு தெரியும்... வேற ஆளப் போட்டுறாதீங்கண்ணே." கேட்டரிங்கில் பரிமாறுகிற பையன். பரீட்சைக் கட்டணம் அந்தக் கூலியிலிருந்துதான் போகும் போலிருக்கிறது.

பேனர் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்கிற பிள்ளைகளை நான் குறை சொல்லமாட்டேன். கட்டாயம் இல்லையென்றால் அவர்களில் பாதிப் பேர் இந்தக் கரையை மிதித்திருக்கவே மாட்டார்கள். இங்கே வந்ததே அவர்களுக்கு நல்லது. ஆனால் இந்த ஏழு நாள் அவர்களுக்கு விடுமுறை, இவனுக்குச் சம்பள இழப்பு. வீட்டுக்கு உழைக்கிற மணி நேரத்துக்குப் பதிவேட்டில் கட்டம் இல்லாதவரை இந்தக் கட்டாயம் எனக்கு நியாயமாகப் படவில்லை.

அவன் அலுவலரிடம் போகிறான். அவர் பதிவேட்டைப் பார்க்கிறார், அவனைப் பார்க்கிறார். "ராத்திரித் தங்கல் கட்டாயம்ப்பா. நான் என்ன செய்ய?" குரலில் கடுமை இல்லை. அவருக்கும் மேலே கணக்குக் கேட்க ஆள் இருக்கிறது.

"ஒரு நாள் மட்டும் சார். விடியறதுக்குள்ள வந்துருவேன்."

அவர் பேனாவை மூடுகிறார். "பத்திரமாப் போயிட்டு வா."

அவன் எதிர்க்கரையைப் பார்த்துக் கத்துகிறான்: "அக்கா, டவுன் பஸ் எத்தனை மணிக்கு?"

"அஞ்சேகாலுக்கு. ஓடுய்யா, அத விட்டா எட்டு மணிக்குத்தான்."