தோசைக்கல்லுக்கு அந்தப் பக்கம்

மதுரைக்குச் சாப்பிடவென்றே போகிறவர்கள் கடைப் பெயர்களைக் குறித்துக்கொண்டு போகிறார்கள். சிம்மக்கல்லில் கறிதோசை, விளக்குத்தூணில் ஜிகர்தண்டா, ரயில் நிலையத்துப் பக்கம் சுடச்சுட அல்வா, ராத்திரி எங்காவது பரோட்டா. நானும் என் கணவரும் அப்படியொரு பட்டியலோடுதான் சனிக்கிழமை காலையில் பட்டுக்கோட்டையிலிருந்து பஸ் ஏறினோம். ஆனால் ஒன்றை முன்கூட்டியே பேசி வைத்திருந்தோம். எங்கே சாப்பிட்டாலும், சமைக்கிறவரைப் பார்த்து நாலு வார்த்தை பேசாமல் எழுந்து வரக்கூடாது என்பது அது.

அதற்குக் காரணம் என் மாமனார். கும்பகோணத்தில் ஒரு ஹோட்டலில் சரக்கு மாஸ்டராக இருந்தவர். அவர் ஊற்றிய ரவா தோசைக்காக வெளியூரிலிருந்தெல்லாம் ஆள் வருவார்களாம். வந்தவர்கள் கல்லாவில் இருந்தவரிடம் பாராட்டிச் சொல்லிவிட்டுப் போனார்கள். உள்ளே அனலில் நின்றவரின் பெயரைக் கேட்டவர் ஒருவருமில்லை. தன் அப்பாவிடம் யாரும் கேட்காததை மற்றவர்களிடமாவது கேட்க வேண்டும் என்பது என் கணவரின் நெடுநாள் ஆசை.

மத்தியானம் சிம்மக்கல்லில் கறிதோசை. கல்லில் கனமாக ஒரு தோசை ஊற்றி, அது அரைவேக்காடாக இருக்கும்போதே மேலே முட்டையை ஊற்றிப் பரப்பி, முட்டை இறுகுவதற்குள் மசாலாவில் சுண்டிய ஆட்டுக்கறியை அள்ளி வைத்து அழுத்தி, அப்படியே திருப்பிப் போடுகிறார்கள். மூன்று அடுக்கும் வெவ்வேறு நேரத்தில் வேகிறவை. தீ கூடினால் அடித்தோசை கருகும், குறைந்தால் கறி ஒட்டாது. அடுப்பருகே இருந்தவரிடம் எப்படிக் கணக்குப் பார்க்கிறீர்கள் என்று கேட்டேன். “சத்தம் மாறும்க்கா, காதுலயே தெரிஞ்சிரும்” என்றார். முட்டையின் ஈரம் வற்றும்போது கல்லின் சத்தம் தணிவதை அதன்பிறகு நானும் கவனித்தேன்.

ஆனால் நாங்கள் நின்று நிதானமாகப் பார்த்தது பரோட்டாவைத்தான். கீழவாசல் பக்கம் ஒரு பழைய கடை. சாயங்காலம் ஆறு மணிக்குத்தான் முதல் பரோட்டா கல்லில் விழும் என்றாலும், வேலை மத்தியானச் சாப்பாடு முடிந்ததுமே தொடங்கிவிடுகிறது. கடைக்காரர் அனுமதி தந்ததால் சுவரோரமாக நின்று பார்த்தோம். மாஸ்டருக்கு ஐம்பது வயதுக்கு மேல். திருமங்கலம் பக்கத்துக் கிராமம். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டு டேபிள் துடைக்க வந்தவர், மாவு பிசைகிற ஆளாகி, உருண்டை பிடிக்கிற ஆளாகி, பிறகுதான் வீச்சுக்கு வந்தாராம். “பேரெல்லாம் போட வேணாங்க்கா, முதலாளி ஏதாச்சும் நெனைப்பாரு” என்று கேட்டுக்கொண்டதால் பெயரை எழுதவில்லை.

அகலமான பேசினில் மைதாவைக் கொட்டி நடுவில் குழி பறிக்கிறார்கள். உப்பு, கொஞ்சம் சர்க்கரை, எண்ணெய், தண்ணீர். இந்தக் கடையில் முட்டை சேர்ப்பதில்லை. பிசைவது உடம்பு முழுவதும் செய்கிற வேலை. முழங்கையை மடக்காமல் தோளிலிருந்து எடை இறங்க வேண்டும். மைதாவிலுள்ள புரதங்கள் தண்ணீர் பட்டுப் பிசையப் பிசைய ஒன்றோடொன்று பின்னிக் குளூட்டன் என்னும் வலையாகின்றன. பரோட்டா கிழியாமல் விரிவதற்கு அந்த வலைதான் ஆதாரம். பிசைந்த கையோடு இழுத்தால் மாவு முரண்டு பிடித்துச் சுருங்கிவிடும். ஈரத்துணி போட்டு மூடி வைத்தால் இளகிக்கொடுக்கும். இதையெல்லாம் ஒன்பதாம் வகுப்பில் அறிவியல் நடத்தும் என் கணவர் விளக்கிச் சொன்னபோது மாஸ்டர் தலையாட்டினார். “மாவு தூங்கி எந்திரிச்சாத்தான் சார் நம்ம பேச்சைக் கேக்கும்” என்றார்.

ஊறிய மாவை உருண்டை பிடிக்கும்போது தராசு கிடையாது. ஒரு கையால் மாவைப் பற்றி, கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே பிதுக்கி நெரிக்கிறார்கள். உருண்டை துண்டாகித் தட்டில் விழுகிறது. அடுத்தது, அதற்கடுத்தது என்று வரிசை கட்டியவற்றில் பெரிது எது, சிறிது எது என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. அதன்மேல் தாராளமாக எண்ணெய் ஊற்றி மறுபடி ஊறப்போடுகிறார்கள். இந்த எண்ணெய் ருசிக்காக மட்டும் இல்லை. பின்னால் மாவு மடிப்பு மடிப்பாகச் சேரும்போது ஒரு மடிப்பு இன்னொன்றோடு ஒட்டாமல் பார்த்துக்கொள்வதும் இதுதான்.

வீச்சு தொடங்கியதும் கடையின் நடையே மாறிப்போனது. எண்ணெய் பூசிய மேசையில் உருண்டையை உள்ளங்கையால் தட்டிப் பரப்பி, ஓரத்தை இரு கையாலும் பிடித்து, துவைத்த வேட்டியை உதறுவதுபோல ஒரு வீசு. மேசையில் அடித்துத் திரும்பும்போது மாவு இரண்டு மடங்கு அகலம். இன்னொரு வீசுக்கு அடியிலிருக்கும் மேசையின் கீறல்கள் தெரிகிற அளவுக்கு மெலிந்துவிட்டது. ஓரத்தைப் பிடித்து இழுத்தபடியே கொசுவம் வைத்துச் சுருட்டித் தட்டில் வைத்தார். அது கொஞ்ச நேரம் ஆறிய பிறகு, கையால் தட்டி வட்டமாக்கிக் கல்லில் போடுகிறார்கள். சூடு ஏறும்போது மாவிலுள்ள தண்ணீர் ஆவியாகி மடிப்புகளுக்கு நடுவே வழி தேடுகிறது. எண்ணெய் தடுத்து வைத்த இடமெல்லாம் அதற்கு வழிவிடுகிறது. அப்படித்தான் அடுக்கு பிறக்கிறது.

கடைசியில் அடி. வெந்த பரோட்டாக்களை நாலைந்தாக அடுக்கி, சூடு ஆறுவதற்குள் இரண்டு உள்ளங்கையாலும் பக்கவாட்டில் ஓங்கி அறைகிறார்கள். ஆறினால் அடுக்கு பிரியாது, நொறுங்கும். அதனால் சூட்டோடுதான் அடிக்க வேண்டும். தெருவில் போகிறவருக்கு அது ஒரு சத்தம். அடிக்கிறவருக்குக் கல்லிலிருந்து இறங்கிய சூடு, ஒவ்வொரு முறையும். மாஸ்டர் கையை விரித்துக் காட்டினார். உள்ளங்கை காய்த்துப்போய் ரேகைகள் மங்கியிருந்தன. ரேஷன் கடையில் விரல் வைத்தால் சில நாள் மிஷின் எடுக்காதாம்.

ஆறரைக்கெல்லாம் கூட்டம் சேர்ந்துவிட்டது. வழிவிட்டு வெளியே வந்து ஆளுக்கொரு டம்ளர் பருத்திப்பால் குடித்தோம். கொட்டையை முந்தின ராத்திரியே ஊறவைத்து, அரைத்து, பிழிந்து, வடிகட்டி, அரிசிமாவும் கருப்பட்டியும் சுக்கும் ஏலக்காயும் சேர்த்துக் காய்ச்சுவது. தள்ளுவண்டி போட்டிருந்த பெரியவர் வீட்டில், அரைப்பதும் பிழிவதும் அவர் மனைவியின் வேலை. “நான் விக்கிறவன் மட்டுந்தாம்மா, பாலு அவ கையி” என்று அவராகவே சொன்னார். அப்படி எடுத்துச் சொல்கிற மனிதர் அபூர்வம் என்று என் கணவருக்குத் தோன்றியது, எனக்கும்தான்.

எட்டு மணிக்கு மறுபடி கடைக்கு வந்து உட்கார்ந்தோம். ஆளுக்கு இரண்டு பரோட்டா, பிய்த்துப் போட்டு அதன்மேல் சால்னா. சோம்பும் பட்டையும் கசகசாவும் தேங்காயும் அரைத்துவிட்ட, தண்ணீராக ஓடும் சால்னா. வெளிப்புறம் முறுகலாகவும் உள்ளே இழையிழையாகவும் இருந்த பரோட்டா சால்னாவைக் குடித்த பிறகும் கூழாகவில்லை. பக்கத்துக் கல்லில் கொத்து பரோட்டா போய்க்கொண்டிருந்தது. அதைப் போட்டவர் அஸ்ஸாமிலிருந்து வந்த இளைஞர். வெங்காயம், பச்சை மிளகாய், முட்டை, பிய்த்த பரோட்டா, ஒரு கரண்டி சால்னா. இரண்டு கையிலும் தகடு பிடித்துக் கொத்தும் தாளத்தை மாஸ்டரிடம்தான் கற்றுக்கொண்டாராம். தமிழும் அங்கேயே கற்றதுதான். “அக்கா, தள்ளி நில்லுங்க, எண்ண தெறிக்கும்” என்று அசல் மதுரைப் பேச்சில் எச்சரித்தார்.

உள்ளூர்ப் பையன்கள் இந்த வேலைக்கு வருவதில்லையா என்று கேட்டதற்கு மாஸ்டர் கொஞ்சம் யோசித்துத்தான் பதில் சொன்னார். “எம்மகனையே நான் வரச்சொல்லலைக்கா. தோளு போயிரும், காலு போயிரும். லீவு போட்டா அன்னைக்குச் சம்பளம் இல்ல. பொண்ணு கேட்டுப் போனா பரோட்டா மாஸ்டர்னு சொல்ல முடியல.” அவர் கெண்டைக்காலில் நரம்பு சுருண்டு புடைத்திருந்தது. இத்தனை வருடமாக நின்றே செய்யும் வேலைக்குக் கிடைத்தது அது. மத்தியானம் இரண்டரைக்கு மாவில் கை வைத்தவர், ராத்திரி கடை அடைக்கும்வரை உட்கார்ந்து நாங்கள் பார்க்கவில்லை. அடுப்பருகே உட்கார ஒரு ஸ்டூல்கூட இல்லை.

இயந்திரம் வந்தால் இந்தப் பாடு குறையாதா என்பது என் கணவரின் கேள்வி. உறைய வைத்த பாக்கெட் பரோட்டா இன்று எல்லா ஊரிலும் கிடைக்கிறது. 2025 செப்டம்பரில் ஜிஎஸ்டி மன்றம் பரோட்டாவுக்கு இருந்த 18 சதவீத வரியை அடியோடு நீக்கியும்விட்டது. மாஸ்டர் இயந்திரத்தைப் பழிக்கவில்லை. மாவு பிசைய மிஷின் வந்தால் நல்லதுதான், தோள் பிழைக்கும் என்றார். “ஆனா மழை பெஞ்சா மாவு ஒரு மாதிரி இருக்கும், சித்திரையில வேற மாதிரி இருக்கும். தண்ணிய கூட்டணுமா, கொறைக்கணுமான்னு கைதான சொல்லணும்.” பிசைகிற பாரத்தை இயந்திரம் சுமக்கட்டும், ருசியைத் தீர்மானிக்கிற கை மனிதனுடையதாக இருக்கட்டும் என்பது எனக்கும் நியாயமாகப் பட்டது. அப்படியானால் அந்தக் கையை வைத்திருக்கிறவர் நன்றாக இருக்கவும் வழி செய்ய வேண்டும்.

ராத்திரி பதினொன்றரைக்கு மாசி வீதிகளின் வழியே லாட்ஜுக்கு நடந்தோம். இட்லிக் கடைகளில் இன்னும் ஆவி பறந்துகொண்டிருந்தது. இந்த ஊர் ராத்திரியில் விழித்திருப்பது நேற்று வந்த பழக்கம் அன்று. நாளங்காடி என்று பகலுக்கும் அல்லங்காடி என்று இரவுக்கும் தனித்தனிச் சந்தைகள் இங்கே இருந்ததை மதுரைக்காஞ்சி சொல்கிறது. அதில் என் மனதைத் தொட்ட இடம் வேறு. அடையும் மோதகமும் செய்து விற்கும் கூவியர், ஊர் அடங்கிய சாமத்தில் சரக்கின் பக்கத்தில் இருந்தபடியே தூங்கிப்போவதை மாங்குடி மருதனார் பாடியிருக்கிறார். மன்னனின் பெருமையைப் பாட வந்த புலவர், பண்டத்தோடு நிறுத்தாமல் அதைச் செய்தவரின் அலுப்பையும் பார்த்திருக்கிறார். சுமார் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒரு கவிஞருக்கு இருந்த அந்தப் பார்வை, ஒவ்வொரு தட்டையும் படமெடுக்கும் நமக்கு இல்லாமல் போவது சரியில்லை.

செய்யக்கூடியவை பெரிய காரியங்கள் இல்லை. 2021-இல் தமிழ்நாட்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் ஒரு பிரிவு சேர்க்கப்பட்டது. பணியாளர்கள் வேலை நேரம் முழுக்க நின்றபடியே இருக்காமல் உட்கார இருக்கை வசதி தரவேண்டும் என்கிறது அது. கேரளத்துக்கு அடுத்து இந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தது நம் மாநிலம்தான். ஜவுளிக்கடை ஊழியர்களின் கால்வலியை மனதில் வைத்துப் பேசப்பட்ட சட்டம் என்றாலும், அதன் நியாயம் அடுப்படிக்கும் பொருந்தும். உட்கார்ந்துகொண்டு பரோட்டா வீச முடியாது, உண்மைதான். ஆனால் வெங்காயம் நறுக்க, உருண்டை பிடிக்க, கூட்டம் ஓய்ந்த பத்து நிமிடம் காலை நீட்ட ஒரு ஸ்டூல் போதும். அதற்கு இடமில்லாத கடை எதுவும் இல்லை. அமைப்புசாராத் தொழிலாளர்களுக்கான நல வாரியங்களில் சமையல் தொழிலாளர்களுக்கும் ஒரு வாரியம் இருக்கிறது. அது இருப்பதே நாங்கள் பேசியவர்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. மாஸ்டரின் போன் எண்ணை வாங்கிக்கொண்டு வந்திருக்கிறோம். பதிவு செய்ய என்னென்ன வேண்டும் என்று விசாரித்து அவருக்குச் சொல்வது இப்போது எங்கள் வீட்டு வேலைகளில் ஒன்று.

ஞாயிற்றுக்கிழமை ஜிகர்தண்டாவும் குடித்தோம், அல்வாவும் வாங்கினோம். இரண்டுமே அருமை. அவற்றின் ருசியைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள்.

நீங்களும் ஒரு சனி ஞாயிறு மதுரைக்குப் போங்கள், வயிறாரச் சாப்பிடுங்கள். சாப்பிட்டு முடித்ததும் கல்லாவுக்குப் போவதற்கு முன் தோசைக்கல்லுக்கு முன்னால் ஒரு நிமிடம் நில்லுங்கள். “நல்லா இருந்துச்சுண்ணே” என்று சமைத்தவரின் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். பிறகு கல்லாவில் பணம் கொடுக்கும்போது, மாஸ்டருக்கு உட்கார ஒரு ஸ்டூல் போடச் சொல்லி முதலாளியிடம் கேளுங்கள். தொழிலாளி கேட்டால் தட்டிப்போகிற விஷயம், காசு கொடுக்கிற வாடிக்கையாளர் கேட்டால் நடக்கும்.