ஓசூர் பஸ்ஸிலே புதுப் பாட்டு

எங்கள் ஊர் காவேரிப்பட்டினம் என்றதும், “பூம்புகார் பக்கமா?” என்று கேட்பவர்கள் இன்றைக்கும் உண்டு. இல்லை சகோதரிகளே! இது கிருஷ்ணகிரி மாவட்டத்துக் காவேரிப்பட்டினம். காவேரி பெயரில் மட்டும்தான். ஊரை ஒட்டி ஓடுவது தென்பெண்ணை. மாம்பழக் காலத்தில் ஊரே மணக்கும். மற்ற நாட்களுக்கு மொறுமொறு நிப்பட்டு இருக்கவே இருக்கிறது. சந்தைக்குப் போனால் தமிழோடு தெலுங்கும் கன்னடமும் சகஜமாகக் காதில் விழும்.

இங்கிருந்து கிருஷ்ணகிரிக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். அங்கிருந்து சூளகிரி வழியாக ஓசூர் ஐம்பது கிலோமீட்டர் இருக்கும். மோட்டார் வண்டியிலிருந்து கைக்கடிகாரம் வரை அங்கே எத்தனையோ தொழிற்சாலைகள். எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் பலருக்கு அங்கேதான் பிழைப்பு. ஞாயிறு மாலை பஸ் ஏறினால் பாதிப் பேர் காதில் ஒயர், மீதிப் பேர் காதில் வெள்ளைக் குமிழ்!

என் மகளும் அப்படித்தான். வாரமெல்லாம் விடுதியில் இருந்துவிட்டு வருகிற பெண், வீட்டிலும் காதை அடைத்துக்கொண்டால் பெற்ற மனசு என்ன பாடுபடும்? போன மாதம் அவளை விடுதியில் விட நானும் கூடப் போனேன். கிருஷ்ணகிரி தாண்டியதும், “அதுல அப்படி என்னதான் இருக்குது கண்ணு? எனக்கும் ஒரு காது குடேன்” என்றேன். சிரித்துக்கொண்டே ஒரு குமிழை என் காதில் செருகினாள்.

முதலில் வந்தது யோகி பி. மலேசியத் தமிழர். 2006-ல் வந்த ‘வல்லவன்’ தொகுப்பில் அவரும் நட்சத்திரா குழுவும் பாடிய ‘மடை திறந்து’. ‘நிழல்கள்’ படத்தில் இளையராஜா 1980-ல் போட்ட மெட்டு. நடுநடுவே மூச்சுவிடாமல் தாளத்தில் பேச்சு. “இதுதாம்மா ஹிப்ஹாப்” என்றாள். எனக்கோ திரௌபதி அம்மன் கோவில் பாரதக் கூத்தில் கட்டியங்காரன் பொரிந்து தள்ளுவது ஞாபகம் வந்தது!

அவள் சொன்ன கதை இன்னும் வேடிக்கை. அமெரிக்காவில் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் சிண்டி கேம்ப்பெல் என்றொரு பெண். பள்ளிக்கூடம் திறக்கிற நேரம், புதுத் துணி வாங்கக் காசு வேண்டும். 1973 ஆகஸ்ட் 11-ல் தங்கள் குடியிருப்பிலேயே ஒரு விருந்து வைத்து நுழைவுக் கட்டணம் வசூலித்தாள். பெண்களுக்கு 25 சென்ட், ஆண்களுக்கு 50 சென்ட். இசைத்தட்டு போட்டவர் அவள் அண்ணன், கூல் ஹெர்க். பாட்டில் மேளம் மட்டும் ஒலிக்கிற இடத்தை இரண்டு தட்டுகளில் மாற்றி மாற்றிப் போட்டு நீட்டினாராம். அந்த இரவைத்தான் ஹிப்ஹாப்பின் பிறந்தநாளாகக் கொண்டாடுகிறார்கள். பள்ளித் துணிக்காக ஒரு பெண் போட்ட திட்டம் எங்கே போய் நின்றிருக்கிறது பாருங்கள்!

சூளகிரி வருவதற்குள் ‘என்ஜாய் எஞ்சாமி’. 2021 மார்ச்சில் வந்த பாட்டு. தீயும் அறிவும் பாடியது. சந்தோஷ் நாராயணன் தயாரித்தது. சினிமாவுக்காகப் போட்டதல்ல. இப்படிப் படத்தை நம்பாமல் தாங்களாகவே வெளியிடுவதைத்தான் ‘இண்டி’ என்கிறார்கள். அதற்குள்ளே ஒப்பாரியின் சாயல் கேட்டு நிமிர்ந்து உட்கார்ந்தேன். அறிவின் பாட்டி வள்ளியம்மாள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்தவர். சொந்தமாகக் கையகல நிலம் இல்லாதவர்களின் கதை அது. அந்தப் படக்காட்சியில் பாட்டியம்மாவும் வருகிறார். எங்கள் பக்கத்தில் பேரப்பிள்ளையை “எஞ்சாமி” என்று கொஞ்சாத கிழவி உண்டா? உலகமெல்லாம் கோடிக்கணக்கானோர் கேட்ட பாட்டில் அந்தச் சொல் ஒலித்தபோது கண் கலங்கிவிட்டது.

எல்லை நெருங்க நெருங்கப் பாட்டும் மாறியது. கன்னடத்தில் ரகு தீட்சித், நம் சித்தர்களைப் போன்ற சிசுநாள ஷரீஃபின் பாடலை கிட்டாரோடு பாடுகிறார். சந்தையில் கேட்ட கன்னடம் கைகொடுத்தது, பாதி புரிந்தது. அடுத்து ஹனுமான்கைண்ட் என்ற கேரளத்துப் பிள்ளையின் ‘பிக் டாக்ஸ்’, 2024-ல் வந்தது. ஆங்கிலம். ஒரு வார்த்தை பிடிபடவில்லை. ஆனால் போனில் படத்தைக் காட்டினாளே, நம் திருவிழாப் பொருட்காட்சியில் பார்க்கிற மரணக் கிணறு! சுவரில் சுற்றும் வண்டிகளுக்கு நடுவே அவர் நின்று பாடுகிறார். வண்டி ஓட்டுகிறவர்களில் ஒரு பெண்ணும் உண்டு.

எல்லாமே பிடித்தது என்று சொல்ல மாட்டேன். சிலவற்றில் கூச்சல், சிலவற்றில் கூசும் வார்த்தைகள். ஆனால் ஓசூர் விளக்குகள் தெரிந்தபோது மகள் மெல்லச் சொன்னாள்: “நைட் ஷிஃப்ட் முடிஞ்சு ரூமுக்கு வந்தா பேச ஆளிருக்காதும்மா. அப்ப இதுங்கதான் என்கூடப் பேசும்.” அந்த ஒரு வார்த்தைக்காகவே இன்னும் நூறு பாட்டுக் கேட்கலாம் என்று தோன்றியது.

தாய்மார்களுக்குச் சில யோசனைகள். பாட்டின் பெயரருகே ‘இ’ என்ற ஆங்கில எழுத்து கட்டம் கட்டி இருந்தால் அதில் கெட்ட வார்த்தை இருக்கலாம், சிறுபிள்ளைகளுக்கு வேண்டாம். போனின் சத்தத்தை 60 சதவீதத்துக்குள் வைக்கச் சொல்லுங்கள். 80 டெசிபல் அளவில் வாரத்துக்கு 40 மணி நேரத்துக்கு மேல் கேட்டால் காதுக்குக் கேடு என்கிறது உலக சுகாதார நிறுவனம். குழந்தைகளுக்கு 75 டெசிபல்தான். நடுவில் காதுக்குக் கொஞ்சம் ஓய்வும் தேவை.

எல்லாவற்றையும்விட முக்கியம் ஒன்று. ஒரு பாட்டியின் நினைவிலிருந்து அப்படி ஒரு பாட்டு பிறந்ததென்றால், நம் வீட்டுத் திண்ணையில் என்னென்ன இருக்குமோ! மாமியாரின் தாலாட்டு, நடவுப் பாட்டு, ஒப்பாரி எதுவானாலும் அவர்கள் இருக்கும்போதே போனில் பதிந்து வையுங்கள். பதிகிற வேலையை உங்கள் பிள்ளையிடமே கொடுங்கள். காதிலிருந்து குமிழைத் தானாகவே கழற்றிவிட்டு வந்து உட்காருவார்கள்.