நள்ளிரவுக் கணக்கு

எதையும் அளந்து விற்பவர்மீது ஊருக்கு எப்போதும் ஒரு கண் இருக்கும். பால்காரரின் லிட்டர் குவளையும் ரேஷன் கடையின் தராசும் அந்தக் கண்ணுக்குத் தப்பியதில்லை. நாங்கள் விற்ற பொருளோ கண்ணுக்குத் தெரியாதது. அதை அளந்த தராசும் எங்கள் அறையிலேயே இருந்தது. வாங்குபவர் எட்டிப் பார்க்க வழியில்லை. இதை ஒரு வசதியாகவே நாங்கள் வெகுநாள் எண்ணிக்கொண்டிருந்தோம் என்பதை இப்போது ஒப்புக்கொள்ள வேண்டும்.

பொள்ளாச்சிக்குத் தெற்கே, தென்னந்தோப்புகளுக்கு நடுவே, நண்பர்கள் மூவர் சேர்ந்து கம்பியில்லா இணைய இணைப்புக் கொடுத்துவந்தோம். 2.4 கிகா ஹெர்ட்ஸ் அலைவரிசையைப் பயன்படுத்த உரிமம் வேண்டியதில்லை என்று இந்திய அரசு 2005இல் அறிவித்தபின் எங்களைப் போன்ற சிறியவர்கள் பலர் முளைத்தனர். உரிமம் பெற்ற ஒரு நிறுவனத்திடமிருந்து 8 மெகாபிட் இணைப்பை மொத்தமாக வாங்கி, டவரிலிருந்து தொண்ணூறு வீடுகளுக்குப் பிரித்துக் கொடுத்தோம். ஒவ்வொரு மொட்டைமாடியிலும் ஒரு ரேடியோ. மழையில் நனைந்த தென்னை ஓலை குறுக்கே நின்றால் சமிக்ஞை குன்றிவிடும். ஆகவே ஓலைகளையும் பகைத்துக்கொண்டோம்.

வீட்டுக்கு 512 கிலோபிட் வேகம், மாதம் 5 ஜி.பி. அளவு. அதற்குமேல் போனால் வேகம் குறையும், கூடுதல் கட்டணமும் உண்டு. இருப்பது கொஞ்சம். அதை ஒருவரே குடித்துவிட்டால் மற்ற எண்பத்தொன்பது பேருக்கு வறட்சி. எனவே அளப்பது பேராசையன்று, தேவை. இன்றும் நாங்கள் அவ்வாறே நினைக்கிறோம்.

தொடக்கத்தில் எம்.ஆர்.டி.ஜி. வைத்திருந்தோம். டோபியாஸ் ஓட்டிக்கர் 1995இல் வெளியிட்ட இலவச மென்பொருள் அது. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ரௌட்டரைக் கேட்டு, வருவதைப் பச்சையாகவும் போவதை நீலமாகவும் வரைந்து காட்டும். மொத்த நெரிசலைப் பார்க்க அது போதும். வீட்டுக்கு வீடு பில் போட எங்களுக்கு வேறொன்று வேண்டியிருந்தது. 2012 அக்டோபரில் எங்களில் ஒருவர் ஒரு நிரல் எழுதினார். நள்ளிரவில் ஒருமுறை ஒவ்வொரு ரேடியோவின் எண்ணியையும் படித்து, நேற்றைய எண்ணைக் கழித்து, மீதியை அன்றைய பயன்பாடாக எழுதிவைக்கும்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. அந்த ரேடியோக்களின் எண்ணி 32 பிட் அளவு கொண்டது. 429,49,67,295 பைட் வரை எண்ணி, பிறகு பூச்சியத்துக்குத் திரும்பிவிடும். பழைய ஸ்கூட்டரின் கிலோமீட்டர் காட்டி ஒரு சுற்று முடித்துத் திரும்புவதுபோல. இதை நண்பர் அறிந்திருந்தார். இன்றைய எண் நேற்றையதைவிடக் குறைவாக இருந்தால் எண்ணி ஒரு சுற்று முடித்துவிட்டது என்று கொண்டு அந்த முழுச்சுற்றையும் கூட்டிக்கொள்ளும்படி எழுதியிருந்தார். நாங்கள் அவரைப் பாராட்டினோம்.

மூன்றாம் நாளே பதினொரு வீடுகள் 5 ஜி.பி.யைத் தாண்டிவிட்டதாக நிரல் சொன்னது. வேகம் தானாகக் குறைந்தது. தொலைபேசிகள் ஒலித்தன. அவர்களில் ஒருவர் ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர். "என்ன தம்பி, பக்கமே திறக்க மாட்டேங்குது?" என்று கேட்டார். "வீட்டில பையன் இருக்கானா சார்? படம் ஏதாவது இறக்குவான், பாருங்க" என்றோம். எங்கள் எண்ணி எவ்வளவு என்பதை மட்டுமே சொல்லக்கூடியது. எது என்பதை அது அறியாது. படத்தை இறக்கியது எங்கள் வாய்தான்.

அவர் வீட்டில் பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும் பேரன் இருந்தான். சிங்கப்பூரில் வேலை பார்த்த தந்தையுடன் ஞாயிறுதோறும் கணினி வழியே பேசுவான். ஆசிரியர் கணினியை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார். இரண்டு ஞாயிறுகள் பேச்சில்லை. பேரன் தாத்தாவுடன் பேசுவதையும் நிறுத்தியிருந்தான். இவையெல்லாம் பின்னால் தெரியவந்தவை.

மாதக் கடைசியில் பில்லைக் கையில் எடுத்துக்கொண்டு அவரே அறைக்கு வந்தார். பில்லின் முதுகில் பென்சிலால் ஒரு கணக்குப் போட்டிருந்தார். 512 கிலோபிட் என்றால் நொடிக்கு 64 கிலோபைட். அந்த வேகத்தில் 4.1 ஜி.பி. இறங்க ஏறக்குறைய 18 மணி நேரம் ஆகும். "அன்னைக்கு நம்மூர்ல கரண்டே பன்னெண்டு மணி நேரந்தான் இருந்துச்சுங்க தம்பி" என்றார். குரலில் கோபமில்லை. கரும்பலகையில் தவறாக எழுதிய மாணவனிடம் சொல்வதுபோல் சொன்னார்.

சென்னைக்கு வெளியே தமிழகம் நாளில் பாதியை இருட்டில் கழித்த காலம் அது. மின்சாரம் போனால் ரேடியோ அணையும். திரும்ப வந்தால் எண்ணி பூச்சியத்திலிருந்து தொடங்கும். எண் குறைந்திருப்பதைப் பார்த்த எங்கள் நிரல், சுற்று முடிந்தது என்று முடிவுகட்டி, யாரும் பயன்படுத்தாத ஒரு பெருந்தொகையைக் கூட்டியது. எண்ணியில் ஏறியிருந்தது எவ்வளவு குறைவோ, கூட்டப்பட்ட பொய் அவ்வளவு பெரிது. பதினொரு வீட்டு முகவரிகளையும் வரிசையாகப் பார்த்தோம். ஒன்றில்கூட இன்வெர்ட்டர் இல்லை. இன்வெர்ட்டர் இருந்தவர்களின் ரேடியோ அணையவே இல்லை. அவர்களின் கணக்கு பைசா சுத்தமாக இருந்தது. இருட்டில் உட்கார்ந்திருந்தவர்களிடம்தான் இருட்டுக்கும் சேர்த்துக் காசு கேட்டிருக்கிறோம்.

திருத்தம் எளிது. ரேடியோ எவ்வளவு நேரமாக விழித்திருக்கிறது என்பதையும் அதனிடமே கேட்கலாம். அந்த நேரம் நேற்றையதைவிடக் குறைந்திருந்தால் இடையில் அணைந்து எழுந்திருக்கிறது என்று பொருள். நான்கு வரிகளில் முடிந்துவிட்டது. பணத்தையும் பதினொரு பேருக்கும் திருப்பிக் கொடுத்தோம். ஆசிரியர் வாங்கிக்கொண்டு, "இதை அவங்கிட்டயும் ஒரு வார்த்தை சொல்லிடுங்க" என்றார்.

மூவரும் போனோம். பையன் தலை நிமிராமல் கேட்டான். பிறகு, "நான் பாக்கலைன்னு சொன்னேன்ணா, யாரும் கேக்கலை" என்றான். எங்கள் மூவரிடமும் அதற்கு மறுமொழி இருக்கவில்லை. தாத்தா ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார்.

அடுத்த மாதம் முதல் மின்வாரியத்தின் வெள்ளை அட்டையைப் போல ஒன்றை அச்சடித்து வீட்டுக்கு வீடு கொடுத்தோம். முந்தைய எண், இன்றைய எண், ரேடியோ அணைந்து எழுந்த நேரம் மூன்றும் அதில் இருக்கும். கழித்துப் பார்க்க விரும்புபவர் கழித்துப் பார்க்கலாம். பெரும்பாலோர் பார்க்கவில்லை. ஆசிரியர் மட்டும் ஒவ்வொரு மாதமும் ஓரத்தில் பென்சிலால் சரி போட்டுத் திருப்பித் தருவார்.

2016 செப்டம்பரில் ஜியோ வந்தது. மாதம் முழுமைக்கும் நாங்கள் கொடுத்ததைச் சில நாட்களிலேயே செலவழிக்க ஊர் பழகிக்கொண்டது. மறு ஆண்டு டவரைப் பிரித்து விற்றோம். கணக்குகள் இருந்த வன்தட்டு எங்கோ போயிற்று. பென்சில் குறியிட்ட அட்டைகள் மட்டும் எங்களில் ஒருவர் வீட்டு மேசை இழுப்பறையில் இன்னும் இருக்கின்றன.