வரிசை எங்கே நிற்கிறது?



நமது சபை அலுவலகக் கணினி எவ்வளவு மெதுவாகிவிட்டது என்பதை, ஞானஸ்நானச் சான்றிதழுக்காக ஆராதனை முடிந்து காத்து நின்றவர்கள் அறிவீர்கள். பதிவேட்டைத் திறக்கவே பத்து நிமிடம் ஆகும். பழைய பெட்டி, பெலன் போய்விட்டது, புதிது வாங்கிவிடலாம் என்பதே கமிட்டியில் பலருடைய கருத்தாயிருந்தது.

வாலிபர் சங்கத்துத் தம்பி ஒருவர் முதலில் பதிவேடுகளை வேறோர் டிஸ்கில் பிரதி எடுத்தார். (இதை வீட்டிலும் மறவாதிருங்கள், பழைய ஹார்ட் டிஸ்க் சொல்லிக்கொண்டு சாவதில்லை.) பின்பு கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் விசைகளைச் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்தார். பிராசஸர் 8 சதவீதமே உழைத்துக்கொண்டிருந்தது. மெமரியிலும் இடம் மீதியிருந்தது. ஹார்ட் டிஸ்க் மட்டும் 100 சதவீதம்! சுழலும் தட்டின்மேல் அங்குமிங்கும் நகர்ந்து படிக்கும் கை அதற்கு ஒன்றே. கணினி விழித்ததும் தாமாகவே எழும்பும் நிரல்கள் யாவும் ஒரே நேரத்தில் அந்தக் கைக்காக வரிசையில் நின்றன. பெலனுள்ள பிராசஸரோ சும்மா காத்திருந்தது. தேவையற்ற நிரல்களைத் தொடக்கத்தில் எழும்பாதபடி நிறுத்தியதும் வேகம் திரும்பியது. அசையும் பாகமே இல்லாத எஸ்.எஸ்.டி. ஒன்றைப் பொருத்தினால் இன்னும் சில ஆண்டுகள் உழைக்கும் என்கிறார்.

யாத்திராகமம் 18ஆம் அதிகாரத்தில் எத்திரோ கண்டதும் இத்தகைய வரிசையைத்தான். காலைமுதல் மாலைமட்டும் ஜனங்கள் மோசேயின்முன் நின்றார்கள். மாமனார் முதலில் கவனித்துப் பார்த்தார், பின்பு விசாரித்தார், அதன்பின்னரே ஆலோசனை சொன்னார். மோசேயின் விசுவாசத்தை அவர் சந்தேகிக்கவில்லை. சிறிய வழக்குகளைப் பத்துப்பேருக்கும் ஐம்பதுபேருக்கும் நூறுபேருக்கும் ஆயிரம்பேருக்கும் தலைவரானவர்களிடம் பிரித்துக் கொடுக்கச் சொன்னார். அரிய வழக்குகள் மோசேயினிடத்திலேயே வந்தன. அவருடைய அழைப்பில் ஒன்றும் குறையவில்லை.

நம் நாஞ்சில் நாட்டுச் சபைகளின் தொடக்கமும் இதற்குச் சாட்சி. 1806இல் மயிலாடிக்கு வந்த ரிங்கல்தௌபே ஐயர் இவ்வூர் மக்களிலிருந்தே உபதேசியார்களை ஏற்படுத்தினார். 1816இல் அவர் விடைபெற்றபோது வேதமாணிக்கம் அவர்கள் பொறுப்பேற்றார், ஊழியம் நின்றுபோகவில்லை.

ஒருவர் சோர்ந்தால் ஜெபம் குறைந்துவிட்டது என்று உடனே தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம். சிலவேளை அது உண்மையாயிருக்கலாம். ஆயினும் பாராமலே சொல்வது, பெட்டியைத் திறவாமலே புதிது வாங்கச் சொல்வதைப் போன்றதல்லவா? ஞாயிறு பள்ளிக் கணக்கு, பெண்கள் ஐக்கிய சங்கக் கணக்கு, பாடகர் குழுவின் பயிற்சி ஆகிய மூன்றும் ஒரே சகோதரியின் தோளில் இருக்கின்றன. வீட்டில் படுக்கையிலிருக்கும் மாமியாரையும் அவரே பார்க்கிறார். அவர் ஆராதனைக்குத் தாமதமாக வருகிறார் என்று என்னிடம் முறையிட்டவர்கள் உண்டு. உங்களில் இரண்டுபேர் இந்த வாரம் அவர் வீட்டுக்குச் சென்று, அந்தக் கணக்குப் புத்தகங்களில் ஒன்றையாவது வாங்கி வாருங்கள்.