கடன்காரரும் பங்காளியும்

பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்குக் கற்பிக்கும் உபாத்தியாயருக்குப் பண விஷயத்தில் தெரியாதது ஒன்றும் இராது என்று ஊரில் ஓர் எண்ணம் உண்டு. அதை நாமும் வெகு காலம் மறுக்காமலே இருந்து வந்தோம். 2025-ஆம் வருஷம் நம் பழைய மாணவன் ஒருவன் வந்து அந்த எண்ணத்தைக் கலைத்து விட்டான்.

அவன் மரச்செக்கு எண்ணெய்க் கம்பெனி ஒன்று நடத்துகிறான். நம் பெண்ணின் மேற்படிப்புக்கென்று சேர்த்த 2 லட்சம் ரூபாயை அவனுக்குக் கடனாகக் கொடுத்திருந்தோம். ஒரு வருஷம் வட்டி தவறாமல் வந்தது. பிறகு நின்று போயிற்று. ஒரு மாலை அவனே வந்து, தலையைக் குனிந்தபடி, "ஸார், பணமாகத் தர இப்போது வழியில்லை. கடனுக்கு ஈடாகக் கம்பெனியில் பங்கு தருகிறேன். இதற்கு 'டெட் ஈக்விட்டி ஸ்வாப்' என்று பெயராம், ஆடிட்டர் சொன்னார்" என்றான்.

பெயர் கம்பீரமாகத்தான் இருந்தது. பொருள்தான் விளங்கவில்லை. அதை மாணவனிடம் ஒப்புக்கொள்ள நாவெழாமல், யோசித்துச் சொல்வதாக அனுப்பி விட்டுப் பத்திரிகைகளைப் புரட்டினோம்.

பெரிய இடத்து உதாரணமே அகப்பட்டது. வோடபோன் ஐடியா என்னும் தொலைபேசிக் கம்பெனி மத்திய சர்க்காருக்குப் பெருந்தொகை பாக்கி வைத்திருந்தது. 2023-இல் 16,133 கோடி ரூபாய் வட்டிப் பாக்கியைச் சர்க்கார் பங்குகளாக ஏற்றுக்கொண்டது. 2025-இல் மேலும் 36,950 கோடி ரூபாய் அவ்வாறே மாறிற்று. சர்க்காரின் பங்கு ஏறக்குறைய 49 சதவீதம் ஆயிற்று. இரு முறையும் பங்கு ஒன்றுக்கு 10 ரூபாய் விலை. ஆனால் இரண்டாவது அறிவிப்புக்கு முன் சந்தையில் அப்பங்கு 7 ரூபாய்க்கும் குறைவாகவே விற்றது!

சூட்சுமம் அப்போது புலப்பட்டது. கடன் கொடுத்தவனுக்கு லாபமோ நஷ்டமோ, வட்டியும் முதலும் வர வேண்டும். பங்குதாரனுக்கு லாபம் வந்து, பங்கீடு செய்தால்தான் காசு. கம்பெனி கவிழ்ந்தால், அடமானம் பெற்ற பாங்கி முன்னே நிற்கும். நம்மைப் போன்ற வெறும் கடன்காரர் பின்னே நிற்பார். பங்குதாரன் கடைசியில் நிற்பான். கம்பெனி தழைத்தாலோ, கடன்காரனுக்குக் கொடுத்த தொகைதான். பங்குதாரனுக்கு வளர்ச்சியிலும் பாத்தியதை உண்டு. வட்டிச் சுமை நீங்குவதால் கம்பெனிக்கு மூச்சு விட அவகாசம் கிடைக்கும். அதுவே இந்த மாற்றின் நோக்கம்.

இதையெல்லாம் நம் இல்லாளுக்கு விளக்கினோம். அவள் பொறுமையாகக் கேட்டு விட்டு, "கடன்காரர் என்றால் வாசலில் நின்று கேட்கலாம். பங்காளியான பிறகு யாரிடம் போய்க் கேட்பீர்கள்? பங்காளிகள் ஒழுங்காய்ப் பங்கு பிரித்த வீட்டை இந்த ஊரில் காட்டுங்கள், பார்க்கலாம்!" என்றாள். நாம் மூன்று நாள் படித்தறிந்ததை அவள் மூன்று வாக்கியத்தில் முடித்து விட்டாள்.

ஆயினும் பையன் யோக்கியன். கேட்டவுடன் கணக்குப் புத்தகங்களைக் கொண்டு வந்து வைத்தான். கம்பெனியில் 100 ரூபாய்ப் பங்குகள் 10,000 இருந்தன. பங்குக்கு 200 ரூபாய் மதிக்க வேண்டும் என்றான். அந்த விலையில் 2 லட்சத்துக்கு 1,000 பங்கு, 11-இல் ஒன்று. 100 ரூபாயானால் 2,000 பங்கு, 6-இல் ஒன்று. எல்லாம் விலையில்தான் இருக்கிறது! சொத்தையும் பாக்கியையும் கழித்துப் பார்த்ததில் பங்கு 100 ரூபாய்க்கு மேல் பெறாது என்று தெரிந்தது. அவனும் மறுக்கவில்லை.

முடிவில், 1 லட்சத்தைப் பங்காக ஏற்றோம்; மற்ற 1 லட்சத்தைக் கடனாகவே நிறுத்தி, தவணை எழுதி வாங்கினோம். தவணைப் பணம் வருகிறது. பெண்ணின் கல்லூரிச் சம்பளத்துக்கு ஆகிறது. பங்குக்கு லாபம் இன்னும் வரவில்லை. வீட்டில் எண்ணெய் தீரும்போதெல்லாம் நம் இல்லாள், "நம் கம்பெனியில் வாங்கி வாருங்கள்" என்கிறாள். விலையில் தள்ளுபடி கேட்க முடிவதில்லை. தள்ளுபடியில் 11-இல் ஒரு பங்கு நம் கையிலிருந்தல்லவா போகும்!