குமாவோன் மலைகளில் – 6: பிரூல் என்ன விலை?

சீத்லாகேத்துக்கு ஏறும் சாலையின் இருபுறமும் படிவயல்களின் ஓரங்கள் கருகிக் கிடந்தன. ஏப்ரல் முதல் வாரம். கோதுமை கதிர் பிடித்து, பச்சையும் மஞ்சளுமாக நின்றது. உத்தராகண்டில் காட்டுத்தீ என்று செய்தித்தாள்கள் எழுதத் தொடங்கும் மாதம் இது. ஷேர் ஜீப்பில் பக்கத்தில் இருந்த பள்ளி ஆசிரியரிடம் அந்தக் கறுப்பைக் காட்டிக் கேட்டேன். "காட்டில் தீப் பிடிக்காமல் இருக்கத்தான் இதை முன்னாலேயே எரித்து முடித்தோம்" என்றார்.

வயலோரம் மண்டும் முட்செடிகளையும் புதர்களையும் வெட்டிக் குவித்துக் காயவைத்து எரிப்பது குமாவோன் விவசாயிகளின் பழைய வழக்கம். இந்தக் குவியலை ஓண் என்கிறார்கள். சில ஊர்களில் ஆடா. இதை ஏப்ரலிலும் மேயிலும் எரித்தால், பகலில் பள்ளத்தாக்கிலிருந்து மேலேறும் காற்று பொறியைத் தூக்கிக் காட்டுக்குள் போட்டுவிடும். மலைக் காட்டுத்தீயில் கணிசமானவை இப்படி வயலில் தொடங்கியவை. சீத்லாகேத்தைச் சுற்றியுள்ள ஊர்கள் கூடிப் பேசி ஒரு முடிவுக்கு வந்தன: எரிப்பதையெல்லாம் மார்ச் 31-க்குள் எரித்துவிட வேண்டும், அதற்குப் பிறகு யாரும் தீக்குச்சி கிழிக்கக் கூடாது. ஏப்ரல் 1-ஐ ஓண் திவஸ் என்று 2022 முதல் கொண்டாடுகிறார்கள். செலவே இல்லாத ஏற்பாடு. ஊர் ஒத்துக்கொண்டால் போதும். ஊரை ஒத்துக்கொள்ள வைப்பதற்குத்தான் இருபது ஆண்டுகள் ஆகியிருக்கின்றன.

அல்மோராவிலிருந்து வந்தால் கோசி ஆற்றைத் தாண்டி, ராணிகேத் சாலையில் கட்புடியா வரை ஏறி, அங்கே கிளைச் சாலையில் திரும்ப வேண்டும். பாதி வழி வரை சீட் மரங்கள்தான். நெட்டையாக, இடைவெளிவிட்டு நிற்கும் இமயமலைப் பைன் மரம் இது. மாநிலத்தின் காட்டுப் பரப்பில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு இந்த மரம். மார்ச் கடைசியிலிருந்து ஜூன் வரை ஊசியிலைகளை உதிர்த்துக்கொண்டே இருக்கும். ஒரு சாண் நீளம், மூன்று மூன்றாகக் கொத்து, பிசின் நிறைந்தது, எளிதில் மக்காது. காய்ந்து தரையில் மெத்தையாகக் கிடக்கும் இந்த இலைக்குப் பிரூல் என்று பெயர். மேலே கால் வைத்தால் சறுக்கும். புல்லறுக்கப் போன பெண்கள் சறுக்கிப் பள்ளத்தில் விழுந்த கதை இல்லாத ஊரே இங்கே கிடையாது. மாடுகளும் விழுகின்றன. பிரூலுக்கு அடியில் புல்லும் முளைக்காது. எரித்தால் மழைக்குப் பின் புதுப்புல் வரும் என்று சிலர் தெரிந்தே தீ வைக்கிறார்கள். மலைக்காரர்கள் இதை மறைப்பதில்லை; நானும் மறைக்கக் கூடாது.

தீயில் பிழைப்பதும் சீட் மரம்தான். தடித்த பட்டை தரைத்தீயைத் தாங்கிக்கொள்கிறது. எரிந்து வெறுமையான மண்ணில் அதன் விதை சுலபமாக முளைக்கிறது. பாஞ் என்கிற கருவாலி மரத்தின் கன்றுகளோ கருகிப் போகின்றன. ஒவ்வொரு தீயும் பாஞ் காட்டிலிருந்து கொஞ்சம் பிடுங்கிச் சீட் மரத்துக்குக் கொடுக்கிறது. பாஞ் காடு போனால் ஊற்றும் போகும். கோசி பனியாற்றில் பிறந்த நதி இல்லை, மழையையும் ஊற்றையும் நம்பி ஓடுவது. அல்மோரா குடிப்பது அந்தக் கோசித் தண்ணீரை.

சீத்லாகேத் ஒரு சின்ன மலையூர். ஒரே கடைவீதி, ஆரம்ப சுகாதார நிலையம், மேலே சியாஹி தேவி கோயில். சுகாதார நிலையத்தில் மருந்தாளுநராக வேலை பார்த்த கஜேந்திர பாடக்கும் அவரோடு சேர்ந்த ஊர்க்காரர்களும் இந்தக் காட்டுக்காகக் கிளம்பியது இரண்டாயிரங்களின் தொடக்கத்தில். மரம் நடுவிழா எதையும் அவர்கள் நடத்தவில்லை என்பது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. வெட்டப்பட்ட பாஞ், புராஞ்ஸ், காபல் மரங்களின் வேர்க்கட்டைகள் மண்ணுக்குள் உயிரோடுதான் இருந்தன. திரும்ப வெட்டாமல், எரியவிடாமல் இருந்தால் அவை தாமாகத் துளிர்க்கும். ஆகவே காட்டை விட்டு வைப்பதே வேலையாக இருந்தது.

விட்டு வைப்பதென்றால் வீட்டுக்குள் பல விஷயங்கள் மாற வேண்டும். அடுப்புக்கு விறகு வேண்டும். காஸ் சிலிண்டர் வந்த பிறகுதான் அந்தச் சுமை குறைந்தது. கலப்பை செய்ய நல்ல பாஞ் மரம் வேண்டும். ஒவ்வொரு வீட்டுக்கும் சில ஆண்டுக்கு ஒரு கலப்பை என்று கணக்குப் போட்டால் எத்தனை மரம்! அல்மோராவில் உள்ள விவேகானந்தா மலை வேளாண் ஆராய்ச்சி நிலையத்தோடு சேர்ந்து இரும்புக் கலப்பை ஒன்றை உருவாக்கினார்கள். அதன் பெயரிலேயே இந்த மலை இருக்கிறது: வி.எல். சியாஹி கலப்பை. காட்டுத்தீயைப் பற்றிப் பேச வந்த இடத்தில் கலப்பையைக் கையில் கொடுத்து எடை பார்க்கச் சொன்னார்கள். மரக் கலப்பையை விட லேசாகத்தான் இருந்தது.

மறுநாள் காலை மகிளா மங்கள் தளம் என்ற ஊர்ப் பெண்கள் குழுவைச் சேர்ந்த சிலரோடு கோயில் பாதையில் ஏறினேன். ஒரு வளைவுக்கு மேல் சீட் மரங்கள் குறைந்து, பாஞ் இலைகளின் நிழல் தொடங்கியது. காலுக்கடியில் மண் மெத்தென்று ஈரமாக இருந்தது. கீழே பிரூலில் நடந்துவிட்டு இங்கே காலெடுத்து வைத்தால், இந்தப் பெண்கள் எதற்காக இரவிலும் தீயணைக்க ஓடுகிறார்கள் என்று யாரும் விளக்கத் தேவையில்லை. தீ தெரிந்தால் கைபேசியில் தகவல் போகிறது. வனத்துறையின் வண்டி வருவதற்கு முன் இவர்கள் போய்விடுகிறார்கள். பச்சைக் கிளைகளை ஒடித்து அடிக்கிறார்கள். முன்னால் ஓடிச் சருகைக் கூட்டித் தள்ளித் தீத்தடுப்புக் கோடு போடுகிறார்கள். எங்களோடு வந்தவர்களில் மூத்த தீதியின் காலில் ரப்பர் செருப்பு இருந்தது. தீயணைக்கப் போகும்போதும் இதேதானா என்று கேட்டேன். "வேறு என்ன இருக்கிறது?" என்றார். வனத்துறை மற்ற மாவட்டங்களிலிருந்து ஆட்களை அழைத்துவந்து சீத்லாகேத் முறையைக் காட்டுகிறது, நல்ல காரியம். காட்டித் தருகிறவர்களுக்குத் தடித்த காலணியும் காப்பீடும் கிடைக்க வேண்டும் என்பதை இந்தக் கட்டுரையில் அழுத்திச் சொல்லாமல் என்னால் நகர முடியாது.

அங்கிருந்து அல்மோரா திரும்பி, பேரிநாக் போகும் பேருந்தைப் பிடித்தேன். பாடேசீனா, தௌல்சீனா வழியாக பின்சர் சரணாலயத்தின் ஓரமாகச் சாலை போகிறது. 2024 ஜூன் 13 அன்று பின்சரில் தீயணைக்கப் போன வனத்துறைக் குழு தீக்குள் சிக்கிக்கொண்டது. நான்கு பேர் அங்கேயே இறந்தார்கள். படுகாயம் அடைந்தவர்கள் தில்லி வரை கொண்டுபோகப்பட்டார்கள், அவர்களிலும் உயிரிழப்பு ஏற்பட்டது. அதே கோடையில்தான் நைனிதால் பக்கம் விமானப்படை ஹெலிகாப்டர்கள் பீம்தால் ஏரியில் தண்ணீர் மொண்டு தீயில் ஊற்றின. அந்தப் படங்கள் நாடு முழுக்கப் பரவின. பின்சரில் இறந்தவர்களின் படங்களை அந்த அளவுக்கு யாரும் பார்க்கவில்லை.

சேராகாட்டில் பாலம் ஏறி சரயு நதியைக் கடந்தோம். இந்த நதியின் மேல்பகுதியில், பாகேஸ்வரில், 1921 ஜனவரி உத்தராயணித் திருவிழாவன்று மக்கள் கூடி, தங்களைக் கூலியில்லாச் சுமைகாரர்களாக்கிய பதிவேடுகளைத் தண்ணீரில் எறிந்தார்கள். அந்த ஆண்டுக் கோடையில் குமாவோன் காடுகள் எரிந்தன. ஆங்கிலேய அரசு காடுகளை ஒதுக்கிக்கொண்டு, புல்லுக்கும் விறகுக்கும் மாட்டுக்கும் தடை போட்டதை எதிர்த்து மக்களே வைத்த தீ. அரசு இறங்கிவந்து ஒரு பகுதிக் காட்டை ஊர்களின் பொறுப்பில் விடச் சம்மதித்தது. 1931-இல் வனப் பஞ்சாயத்துகள் பிறந்தன. இன்று மாநிலத்தில் 11,000-க்கும் மேல் இருக்கின்றன. காடு தன்னுடையது என்று இருந்தால் காக்கிறார்கள். அரசின் சொத்து என்றானதும் அந்தக் கை விலகுகிறது. நூறு ஆண்டு ஆன பின்னும் வனத்துறைக் கூட்டங்களில் இதை எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

பேரிநாக் பித்தோராகர் மாவட்டத்தில் 1,700 மீட்டருக்கு மேல் இருக்கும் ஊர். ஒரு காலத்தில் தேயிலைக்குப் பேர் போனது. வானம் தெளிந்தால் பஞ்சசூலிச் சிகரங்கள் தெரியும். அருகில் திரிபுராதேவி கிராமத்தில் அவனி என்ற தொண்டு நிறுவனம் தொண்ணூறுகளிலிருந்து இயங்குகிறது. ரஜ்னீஷ் ஜெயினும் ரஷ்மி பாரதியும் தொடங்கியது. மின்கம்பி எட்டாத ஊர்களுக்குச் சூரிய விளக்கு கொண்டுபோவதில் ஆரம்பித்து, இயற்கைச் சாயம், நெசவு என்று விரிந்தவர்கள். பிரூலிலிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்று முயன்று, முதலில் 9 கிலோவாட் அளவில் செய்து காட்டினார்கள். பிறகு 120 கிலோவாட் நிலையத்துக்குப் போனார்கள்.

செய்முறை கேட்பதற்கு எளிது. பிரூலைத் துண்டு துண்டாக நறுக்கி, ஒரு கலனில் போட்டு, முழுதாக எரிய விடாமல் காற்றைக் குறைத்து எரிக்கிறார்கள். கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும் கலந்த வாயு வருகிறது. அதைக் குளிரவைத்து, வடிகட்டி, இன்ஜினுக்குள் விட்டால் ஜெனரேட்டர் ஓடும். சிக்கல் தாரில் இருக்கிறது. ஊசியிலையின் பிசின் தாராகி வாயுவோடு வரும். சரியாக வடிகட்டாவிட்டால் இன்ஜினை அடைத்துவிடும். அந்த வாயுவைச் சுத்தமாக்குவதற்கே உழைப்பில் பெரும்பகுதி போகிறது. இலை லேசாக இருப்பதால் ஒரு லாரி நிறைய ஏற்றினாலும் எடை கொஞ்சம்தான். ஆகவே தொலைவிலிருந்து கொண்டுவந்தால் கட்டாது. சின்னச் சின்ன நிலையங்களாகக் காட்டுக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். கடைசியில் மிஞ்சும் கரியை அடுப்புக் கட்டிகளாக்கிச் சமையலுக்கு எரிக்கலாம். விறகுக்காகப் பாஞ் மரத்தில் ஏறும் அரிவாள் அந்த அளவுக்குக் குறையும்.

இனி விலைக் கணக்கு. ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ பிரூல் தேவை. சேகரிக்கும் பெண்ணுக்குக் கிலோவுக்கு இரண்டு ரூபாய் கொடுத்தால், இலைக்கு மட்டும் மூன்று ரூபாய். இயந்திரம், ஆள்கூலி, வட்டி எல்லாம் சேர்த்து விற்பனை விலைக்குள் எப்படியோ அடக்கலாம். பத்து ரூபாய் கொடுத்தால் இலைக்கே பதினைந்து ரூபாய். மின்வாரியம் வாங்கும் விலையை அது தாண்டிவிடும். 2024 மே மாதம் தீ பரவிக்கொண்டிருந்தபோது மாநில அரசு கிலோவுக்கு 50 ரூபாய் என்று அறிவித்தது. அந்த விலையில் ஒரு யூனிட்டின் இலைச்செலவு 75 ரூபாய். 2018-இல் அரசு பிரூல் மின்சாரக் கொள்கை கொண்டுவந்து தொழில்முனைவோருக்கு அனுமதி கொடுத்த பிறகும் விரல்விட்டு எண்ணும் அளவுக்கே நிலையங்கள் வந்ததற்கு, சேகரிப்பவருக்குக் கட்டும் விலைக்கும் நிலையத்துக்குக் கட்டும் விலைக்கும் நடுவே உள்ள இடைவெளி ஒரு பெரிய காரணம் என்று நினைக்கிறேன்.

பேரிநாக் கடைவீதியில் தேநீர்க்கடை பெஞ்சில் உட்கார்ந்து பிரூல் சேகரிக்கும் பெண்கள் இருவரிடம் பேசினேன். இரண்டு ரூபாய்க்கு யார் போவது என்று ஒருவர் கேட்டார். சரிவில் குனிந்து, வாரி, கட்டி, தலையில் சுமந்து சாலைக்குக் கொண்டுவர வேண்டும். அதே நேரத்தில் கோதுமை அறுப்பு வேறு இருக்கிறது. அவர் கேட்டது நியாயம். இந்த இலைக்கு மின்சார விலையை வைத்து மதிப்புப் போடுவதே தவறான இடத்தில் தொடங்குகிறது. அவர் வாரி எடுத்த ஒவ்வொரு கட்டும் மேயில் எரியாமல் போகும் காடு, வற்றாமல் இருக்கும் ஊற்று, ஓட வேண்டிய தேவையில்லாத தீயணைப்பு ஆட்கள். அதற்கான பணம் தீத்தடுப்பு நிதியிலிருந்து வர வேண்டும். மின்நிலையம் கிலோவுக்குத் தன்னால் முடிந்த இரண்டு ரூபாயைக் கொடுக்கட்டும். இரண்டையும் சேர்த்தால்தான் அந்தப் பெண் காட்டுக்குப் போவார்.

சீட் மரங்களையே வெட்டித் தள்ளிவிடலாம் என்ற குரலை வழியெல்லாம் கேட்டேன். எனக்கு உடன்பாடில்லை. வேறெதுவும் வேர் பிடிக்காத செங்குத்துச் சரிவுகளில் மண்ணைப் பிடித்து நிற்பது அந்த மரம்தான்.

தேநீர்க்கடையில் இரண்டாவது பெண் அதுவரை பேசாமல் இருந்தார். எங்கிருந்து வாரச் சொல்கிறார்கள் என்பதையும் எழுதுங்கள் என்றார். வண்டி ஏற்ற வசதியாகச் சாலையோரமாகவே எல்லோரும் வாருகிறார்களாம். தீ ஏறுவது ஊருக்கும் பாஞ் காட்டுக்கும் நடுவே உள்ள சரிவில். அங்கேதான் முதலில் பிரூலை எடுக்க வேண்டும், சுமக்கும் தூரத்துக்குத் தகுந்த கூலியோடு. மழை தொடங்கினால் இலை நனைந்து வீணாகும், ஆண்டு முழுக்க இயந்திரம் ஓடத் தேவையானதை மூன்று மாதத்துக்குள் சேர்த்தாக வேண்டும். அதற்கு ஊருக்கு ஒரு கொட்டகை வேண்டும். இந்த இரண்டையும் வனப் பஞ்சாயத்துக் கூட்டத்தில் எழுதிக் கொடுக்கப் போவதாகச் சொன்னார். கூட்டம் அடுத்த வாரம்.

நான் நாளைக் காலை ஜீப்பில் முன்சியாரிக்குப் புறப்படுகிறேன்.

(தொடரும்)