பல்லுக்கு நைட் ஷிப்ட்

நம்ம ஜனங்களிடம் ஒரு இலவச அறிவுரை எப்போதும் ஸ்டாக் இருக்கும். மேனேஜர் திட்டினாலும் சரி, வீட்டு ஓனர் வாடகையை ஏற்றினாலும் சரி, சம்பந்தி வீட்டார் முகத்தைத் திருப்பிக்கொண்டாலும் சரி... "பல்லைக் கடிச்சுக்கிட்டுப் பொறுத்துக்கோப்பா!" என்பார்கள். சொல்பவருக்குக் காசா, பணமா? செலவெல்லாம் பல்லுக்குத்தான்!

பகலில் கடிப்பதாவது நமக்குத் தெரிந்து கடிப்பது. சிலருக்கு இந்தப் பொறுமை ராத்திரி தூக்கத்திலும் தொடரும். நறநறவென்று! நான் அந்தக் கட்சி.

ஓசூர் சிப்காட்டில் ஒரு சின்ன கம்பெனியில் மெயின்டனன்ஸ் சூபர்வைசர் நான். எழுபதுகளில் சிப்காட் வந்தது. பின்னாலேயே அசோக் லேலண்ட், டி.வி.எஸ்., டைட்டன் என்று பெரிய கம்பெனிகள் வந்தன. அவற்றை நம்பி, உதிரிபாகம் செய்து பிழைக்கிற எங்களைப் போன்ற குட்டிக் கம்பெனிகளும் முளைத்தன. ஊரே ஏ, பி, சி என்று மூன்று ஷிப்டில்தான் தூங்கும். அத்திப்பள்ளி வந்தாலே கர்நாடகா என்பதால் தெருவிலும் மூன்று பாஷை. பல்லைக் கடிப்பதுகூடத் தமிழில் 'நறநற', தெலுங்கில் 'படபட', கன்னடத்தில் 'கடகட'! எந்தப் பாஷையில் கடித்தாலும் தேய்மானம் ஒன்றுதான்.

என் விஷயம் வெளியே வந்ததே ஒரு எலியால்.

"ஏங்க, பரண்ல எலி புகுந்திருக்கு. ராத்திரி பூரா எதையோ கொறிச்சிட்டே இருக்கு" என்றாள் மனைவி. பொறி வாங்கி வந்து மசால்வடை வைத்தோம். மூன்று நாளில் வடை ஊசிப்போனதுதான் மிச்சம். எலி மாட்டவில்லை, சத்தமும் நிற்கவில்லை. நாலாம் நாள் நடுராத்திரி டார்ச் லைட்டோடு எழுந்து, சத்தம் வந்த திசையில் துப்பறிந்துகொண்டே வந்தவள், கடைசியில் வெளிச்சத்தை நிறுத்திய இடம்... என் மூஞ்சி!

செய்தி பர்கூரில் இருக்கும் மாமியாருக்கு உடனே போனது. "மாப்பிள்ளைக்கு வயித்துல பூச்சிடி. வேப்பங்கொழுந்தை அரைச்சு வெறும் வயித்துல குடு" என்று உத்தரவு வந்தது. குடித்தேன். வாய் கசந்தது. பல் மட்டும் தன் வேலையை விடவில்லை.

இதற்கிடையில் காலையில் எழுந்தால் இரண்டு பக்கப் பொட்டிலும் வலி. தாடை, மழைக்காலத்து மரக்கதவு மாதிரி இறுகிக் கிடக்கும். ஒரு நாள் வறுத்த கடலையை மெல்லும்போது கீழ்க் கடைவாய்ப் பல்லில் சுரீரென்று ஒரு மின்னல். அன்று சாயந்திரமே பல் டாக்டரம்மா முன்னால் வாயைப் பிளந்துகொண்டு படுத்தேன்.

"சொந்த ஊர் இந்த ஜில்லாவேதானா சார்?" என்றார், பார்த்ததுமே.

பல்லை வைத்து ஜோசியம் சொல்கிறாரோ என்று பார்த்தால், என் முன்பல்லில் இருக்கும் பழுப்புத் திட்டுகளைக் காட்டினார். தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம். சின்ன வயதில், பல் உருவாகும் பருவத்தில், அந்தத் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவர்கள் வாயில் இந்த முத்திரை விழுந்துவிடும். இதற்காகவே ஜப்பான் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் போட்டு, 2013-ல் காவிரித் தண்ணீர் கொண்டு வந்தார்கள். எனக்கு அது லேட்.

"அது பழைய கதை, விடுங்க. இது புதுக் கதை" என்று கண்ணாடியைக் கையில் கொடுத்தார். என் கோரைப்பற்களின் கூர்முனையைக் காணோம்! அரம் போட்டு ராவின மாதிரி மழமழவென்று தட்டை. வலித்த கடைவாய்ப் பல்லில் தலைமுடி கணக்காக ஒரு விரிசல்.

"ராத்திரி பல்லைக் கடிப்பீங்களே?"

"எலி... இல்ல, ஆமாம் டாக்டர்."

பொறுமையாக விளக்கினார். சாப்பிடும் நேரம் போக, மேல்பல்லும் கீழ்ப்பல்லும் ஒன்றையொன்று தொடவே வேண்டியதில்லையாம். உதடு மூடியிருக்க வேண்டும், பல் விலகியிருக்க வேண்டும். அதுதான் தாடைக்கு ஓய்வு. தூக்கத்தில் கடிக்கிறவர்களுக்கு, ஆழமில்லாத தூக்கத்தின்போது மூளை லேசாக விழித்துப் புரளும். நெஞ்சு கொஞ்சம் வேகமாக அடிக்கும். அடுத்த நிமிஷமே தாடைத் தசை வேலையை ஆரம்பித்துவிடும். விழித்திருக்கும்போது 'போதும்' என்று நிறுத்துகிற சூபர்வைசர் மூளைக்குள் இருக்கிறார். ராத்திரி அவரும் தூங்கிவிடுவதால் கேட்பாரில்லை!

காரணம் ஒன்றல்ல. மனஅழுத்தம், நேரங்கெட்ட நேரத்தில் குடிக்கிற டீ காபி, சிகரெட், மது, சில மனச்சோர்வு மாத்திரைகள், குறட்டையோடு மூச்சு விட்டுவிட்டு வருகிற தூக்கக் கோளாறு... பூச்சியை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற ஆதாரம் இல்லையாம். மாமியாரிடம் இதைச் சொல்லும் தைரியம் எனக்கு இன்னும் வரவில்லை.

"வீட்ல வேற யாராவது பல் கடிப்பாங்களா? பரம்பரையாவும் வரும்" என்றார். அப்போதுதான் அப்பா ஞாபகம் வந்தது.

காவேரிப்பட்டணம் பக்கத்தில் எங்களுக்குக் கொஞ்சம் மாந்தோப்பு. மழை பொய்த்த வருஷமும், காய்க்கு விலை கிடைக்காத வருஷமும் அப்பா யாரிடமும் எதுவும் சொல்லிக்கொண்டதில்லை. ராத்திரி திண்ணையில் அவர் படுத்திருக்கும் பக்கமிருந்து நறநறவென்று சத்தம் வரும். நாங்கள் பிள்ளைகள் போர்வைக்குள் சிரிப்போம். அறுபது வயதில் அவர் பல்லெல்லாம் பாதி உயரம்தான் இருந்தது. சொந்தத் தோப்பில் காய்த்த பெங்களூரா மாங்காயைக் கடிக்க முடியாமல், அம்மா மெல்லிசாகச் சீவிக் கொடுக்க, வாயில் ஒதுக்கி ஊறவைத்துத் தின்பார். "வயசானா அப்படித்தான்" என்று எல்லோரும் சொன்னோம். வயசு மட்டுமா தேய்த்தது அந்தப் பல்லை?

இதில் ஒரு வேடிக்கை. எங்கள் பக்கத்துச் சாப்பாடு கேழ்வரகுக் களி. அதை மெல்லக்கூடாது, குழம்பில் புரட்டி அப்படியே விழுங்க வேண்டும். பகலில் வேலை இல்லாத பல், ராத்திரி ஓவர்டைம் பார்த்துக் கணக்கை நேர் செய்துவிட்டது போலிருக்கிறது!

விரிசல் விட்ட பல்லுக்கு வேர் சிகிச்சை செய்து, தொப்பி மாட்டினார். மீதிப் பற்களுக்கு 'நைட் கார்டு' என்றார்.

"போட்டா கடிக்கிறது நின்னுடுமா?"

"நிக்காது சார். கடிப்பீங்க. ஆனா பல்லைக் கடிக்க மாட்டீங்க, அதைக் கடிப்பீங்க."

இது எனக்குச் சட்டென்று புரிந்தது. மெஷினில் ஷாஃப்ட் தேயக்கூடாது என்றுதான் புஷ் போடுகிறோம். தேய்வது புஷ், பிழைப்பது ஷாஃப்ட். புஷ் போனால் கழற்றிவிட்டு வேறு போடலாம். பல்லின் எனாமல் உடம்பிலேயே கடினமான பொருள். ஆனால் எலும்பு மாதிரி கூடாது. தேய்ந்தால் தேய்ந்ததுதான், ஸ்பேர் கிடையாது.

செய்முறையும் நம்ம தொழில்தான். கடற்பாசியிலிருந்து எடுக்கும் ஒரு பொருளைத் தண்ணீரில் குழைத்து, தட்டில் வைத்து வாயில் அழுத்தினார். இரண்டு மூன்று நிமிஷத்தில் கெட்டியாகி, பல்வரிசை அச்சு ரெடி. அதில் ஜிப்சம் கலவை ஊற்றி மாதிரி எடுத்து, லேபில் கெட்டியான அக்ரிலிக்கில் கண்ணாடி போல் ஒரு கவசம் செய்து வந்தார்கள். மாட்டிவிட்டு, நடுவில் நீலக் காகிதம் வைத்து 'கடிங்க' என்றார். நீலம் அதிகம் ஒட்டின மேட்டை மட்டும் தேய்த்தார். மறுபடி 'கடிங்க'. எல்லாப் பக்கமும் சமமாக நீலம் விழும்வரை விடவில்லை. பேரிங்குக்கு நாங்கள் செய்கிற 'ப்ளூ மேட்சிங்' அச்சு அசல்! எங்கள் ஃபிட்டர் பார்த்திருந்தால் கைகொடுத்திருப்பார்.

முதல் வாரம் அவஸ்தை. தலையணை நனைந்தது. "கேட்டைப் பூட்டியாச்சா?" என்று மனைவி கேட்டால் "பூத்தியாத்து" என்று மழலை வந்தது. இரண்டாவது வாரம் பழகிவிட்டது. பொட்டு வலி குறைந்தது. மனைவியும் எலி பயமில்லாமல் தூங்கினாள்.

ஆறு மாதம் கழித்து செக்கப். டாக்டரம்மா கார்டை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். கண்ணாடி போலிருந்தது மங்கி, குறுக்கும் நெடுக்கும் கீறல். கடைவாய்ப் பக்கம் நன்றாகவே பள்ளம் விழுந்திருந்தது.

"இதெல்லாம் உங்க பல்லு மேல விழ வேண்டியது சார்."

கொஞ்ச நேரம் எனக்குப் பேச்சு வரவில்லை. அப்பாவுக்கு இப்படி ஒன்று இருக்கிறது என்று சொல்ல அன்று ஆளில்லை. இருந்திருந்தால் கடைசிவரை மாங்காயைக் கடித்தே தின்றிருப்பார்.

நீங்களும் மாட்டுவதாக இருந்தால் சில குறிப்புகள். கார்டை வெந்நீரில் போடாதீர்கள், கோணிக்கொள்ளும். பச்சைத் தண்ணீரில் பிரஷ்ஷால் தேய்த்து, காற்றோட்டமுள்ள டப்பாவில் வையுங்கள். வீட்டில் நாய் இருந்தால் உயரத்தில் வையுங்கள், அதற்கு அது பிஸ்கட். பலத்த குறட்டை இருந்தால் டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். குழந்தைகள் கடித்தால் பதற வேண்டாம், பெரும்பாலும் வளர வளரத் தானே விட்டுவிடும். சந்தேகம் இருந்தால் காட்டிவிடுங்கள்.

ஒரே ஒரு சிக்கல். தான் பல்லைக் கடிப்பது கடிக்கிறவர் காதில் மட்டும் விழாது. அதனால் நாளைக் காலை டீ குடிக்கும்போது வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள்: "ராத்திரி நான் ஏதாவது சத்தம் போடறேனா?"

பதில் ஒரு பெரிய லிஸ்ட்டாக வந்தால் நான் பொறுப்பல்ல. அதில் பல் சமாசாரத்தை மட்டும் குறித்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள். மற்றதையெல்லாம் பல்லைக் கடித்துக்கொள்ளாமல் பொறுத்துக்கொள்ளுங்கள்!